செம்பு கறுத்த நாட்கள்

திரும்பி வந்த முதல் பெட்டியை நான்தான் பிரித்தேன். லொறிக்காரர் அதை வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது, எங்களுக்கு வேலை தரும் கொழும்புக்காரர்கள் புது மாதிரி ஏதும் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாடாவைக் கத்தியால் கீறி மூடியை விரித்தால், உள்ளே எங்கள் செம்புத் துண்டுகளே கிடந்தன. மூன்று கிழமைக்கு முன் நாங்கள் மினுக்கி, காயவைத்து, பை பையாகக் கட்டி அனுப்பியவை. போகும்போது முகம் தெரியும் அளவுக்குச் சிவந்து மினுங்கிய செம்பு, இப்போது மண்ணிறக் கறை பிடித்துப் போயிருந்தது. சில துண்டுகளில் கறையின் நடுவே ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள்.

என்னோடு வேலை செய்யும் மூத்த அக்கா எனக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார்.

"ஆரோ வேணுமெண்டு செஞ்ச வேல இது," என்றார்.

அந்த நிமிடமே என் கண் மினுக்கும் மூலைக்குப் போனது. அங்கே ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சுழலும் துணிச் சில்லின் முன்னால் குந்தியிருந்தார்.

எங்கள் பட்டறை வாழைச்சேனையில், வாவி கடலோடு சேரும் இடத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் வள்ளங்களின் எஞ்சின் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்து, தகப்பனின் பழைய அரிசி ஆலைக் கட்டடத்தில் இதைத் தொடங்கினார். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்.

நாங்கள் செய்வது மின்சாரப் பெட்டிகளுக்குள் வயரைப் பிடித்து வைக்கும் சின்னச் செம்புத் துண்டுகள். அரை விரல் நீளம், இரண்டு துளை. தம்பி தகட்டை இயந்திரத்தில் வைத்து வெட்டுவார். வெட்டுப்பட்ட செம்பின் ஓரத்தில் முள் போலப் பிசிர் நிற்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் வயரின் தோலைக் கிழித்துவிடும். அந்தத் துண்டுகளைச் சின்னக் கற்களோடும் சவர்க்காரத் தண்ணீரோடும் உருளைக்குள் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவது அக்காவின் வேலை. துளைக்குள் நிற்கும் பிசிரை அரத்தால் எடுப்பதும் அவர்தான். பிறகு துணிச் சில்லில் மினுக்குவது. பிறகு கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி, காற்றில் உலர்த்துவது. அதை ஒரு இளம் பிள்ளை செய்தாள், கலியாணமாகி ஒரு வருடம் ஆனவள். அந்த மருந்து ஒரு வெள்ளைத் தூள். சுடுதண்ணீரில் கரைத்து முக்கினால் செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வை போலப் பிடித்துக்கொள்ளும், உப்புக் காற்றில் கறுக்காது என்று தம்பி சொல்லித் தந்திருந்தார். வாவி வற்றிச் சேறு மணக்கும் நாட்களில், எங்கள் வீட்டுச் செம்புக் குடம் இரண்டே நாளில் கறுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த மருந்தை நம்பித்தான் தொழிலே நடந்தது.

எல்லாம் முடிந்து கடைசியாக வருவது என் மேசைக்கு. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, ஓரம் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டி, இரண்டு துளையிலும் விரல் நுனியை வைத்துப் பார்ப்பேன். பிசிர் இருந்தால் விரல் சொல்லிவிடும். பத்து வருடம் அரம் பிடித்த கை. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் தகட்டு ஓரம் கிழித்து வலது கட்டைவிரலில் சரிவாக ஒரு தழும்பும் விழுந்திருந்தது.

அந்த மேசை எனக்கு வந்தது தை மாதத்தில். அதற்கு முன் சரிபார்த்தவரும் மினுக்கியவரும் புருசன் பெண்சாதி. மகளோடு இருக்கவென்று இரண்டு பேரும் மன்னாருக்குப் போய்விட்டார்கள். என்னை மேசைக்கு மாற்றிய தம்பி, மினுக்குவதற்கு ஓட்டமாவடியில் இருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, குட்டையாக வெட்டிய தாடி. சவூதியில் தண்ணீர்க் குழாய்களும் கதவுப் பிடிகளும் மினுக்கும் இடத்தில் இருபது வருடம் இருந்தவர். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம்.

எங்கள் தமிழ் ஊருக்கும் அவருடைய முஸ்லிம் ஊருக்கும் நடுவில் ஒரு பாலம்தான். கலவரம் நடந்து அந்தப் பாலத்தைக் கடக்கப் பயந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் அதே பாலத்தை இந்தப் பக்கம் கடக்கப் பயந்தார்கள். இப்போது அங்கே போய்த் துணி எடுக்கிறோம், அவர்கள் வந்து மீன் வாங்குகிறார்கள், எல்லாம் சரிதான். ஆனாலும் ஏதாவது பிழையாய்ப் போனால் முதலில் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்பது என் உடம்புக்குள் எங்கேயோ பழகிக் கிடந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெட்டி திரும்பி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வெட்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

தம்பி எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். கழுவும் தண்ணீரில் உப்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தண்ணீர்க் கலன் வாங்கும் கடையை மாற்றினார். மருந்துத் தூள் பழசோ என்று புதுப் பொதி பிரித்தார். கடைசியாகக் காக்காவிடம் கேட்டார்.

"காக்கா, பொலிஷுக்குப் பூசின மெழுகு சரியாக் கழுவுப்படுதா?"

"கழுவுப்படுது தம்பி," என்றார் அவர். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இந்தக் கறை என்ட பக்கத்தால வந்ததில்ல," என்றார். சொல்லிவிட்டு என் மேசையை ஒருமுறை பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மெழுகைப் பற்றிக் கேட்டால் கறையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? குற்றமுள்ளவன்தானே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவான்? அன்றில் இருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கவனிக்கக் கவனிக்க எல்லாமே சந்தேகமாகத்தான் பட்டது. அவர் ஒரு துண்டையும் வெறுங்கையால் தொடமாட்டார், துணியால்தான் பிடிப்பார். ஏன், கைரேகை விழுந்துவிடும் என்றா? மினுக்கிய தட்டை வெள்ளைத் துணியால் மூடி வைப்பார். எதை மறைக்கிறார்? பகல் சாப்பாட்டுக்குக் கூடி இருக்கும்போது எங்களோடு அதிகம் கதைக்கமாட்டார். நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரோ? கழுவும் பிள்ளை எழுந்து வெளியே போனால், அவள் உலர்த்தி வைத்த தட்டுக்கு அருகே போய்க் குனிந்து பார்ப்பார். மணந்துகூடப் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் சொந்தக்காரர் ஒருவரின் மையத்துக்கு, அதாவது நல்லடக்கத்துக்கு, ஏறாவூருக்குப் போய்விட்டார். அன்றைய தட்டைத் தம்பியே மினுக்கினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பி மினுக்கிய துண்டுகளின் பின்பக்கத்தில் ஊசியால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். காக்கா மினுக்கியவற்றோடு அவற்றைக் கலந்து ஒரே பையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பை மாதிரிக்காக எங்களிடம் இருப்பது வழக்கம், ஆகவே யாரும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பிரித்துப் பார்த்தேன். புள்ளி வைத்ததிலும் கறை இருந்தது, வைக்காததிலும் இருந்தது. அந்த இடத்தில் என் சந்தேகம் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஒரு மாம்பழம் அழுகினால் கூடையில் உள்ளது எல்லாம் அழுகுவது போல, அவருடைய துண்டுகளில் இருந்துதான் தம்பியின் துண்டுகளுக்கும் பரவியிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதுவும் போதாமல், புள்ளி வைத்ததை அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்றும் யோசித்தேன்.

அதற்கு அடுத்த கிழமை இரண்டாவது பெட்டி திரும்பி வந்தது. தம்பி அதைப் பிரிக்கவே இல்லை.

"அக்கா, நீங்க பாத்துத்தானே விட்ட? இன்னொண்டு திரும்பினா இவங்க நமக்கு வேல தரமாட்டாங்க."

"நான் பிசிரத்தான் தம்பி பாக்கிற. கறுக்கிறது எனக்கு முன்னால நடக்கிற வேல," என்றேன்.

அந்த நாட்களில்தான் துண்டுகள் காணாமல் போவதையும் கண்டேன். உலர்த்திய தட்டு என் மேசைக்கு வரும்போது எத்தனை என்று ஒரு சீட்டில் குறித்து வரும். ஒரு நாள் மூன்று குறைந்தது. அடுத்த நாள், நான் பார்த்து முடித்து வைத்த தட்டில் மூன்று குறைந்தது. கழுவும் பிள்ளையைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டேன்.

"என்னட்ட ஏன் கேக்கிறாய்? நான் உருளைய விட்டு அசையிறனா? அங்கால கேள்," என்று தாடையால் மினுக்கும் மூலையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல், ஜும்மாத் தொழுகைக்குப் போவதற்காகக் காக்கா கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குள்ளால் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்து மடித்த கைக்குட்டையை எடுத்தார், பிரித்தார், உள்ளே எதையோ பார்த்தார், திரும்பவும் மடித்துப் பையில் வைத்தார். வெயில் பட்டு ஒரு கணம் சிவப்பாக மினுங்கியது. செம்பைத் தவிர வேறெதுவும் அப்படி மினுங்காது.

அவர் பள்ளிவாசலுக்குப் போன கையோடு தம்பியிடம் போய்ச் சொன்னேன். பார்த்ததைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கறைக்கும் அவர்தான் காரணம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் வந்த மாதத்தில்தானே இது தொடங்கியது என்றேன். தம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சோதிச்சுப் பாப்பமா?" என்றார்.

"ஒரு வயசான மனிசன்ட சட்டைப் பையச் சோதிக்கவா போறீங்க? கொஞ்ச நாளைக்கு வரவேணாமெண்டு சொல்லிப் பாருங்க. கறை நிக்குதா இல்லையாண்டு தெரிஞ்சிடும்."

நான் அதை இரக்கத்தோடு சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் தம்பி அவரைக் கூப்பிட்டுக் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் காக்காவின் முகம் தெரிந்தது. கோபப்படவில்லை. வாய் திறந்து ஏன் என்று கேட்டது போலவும் தெரியவில்லை. அவர் கேட்காததும் எனக்கு அப்போது ஒரு சாட்சியாகப் பட்டது. சில்லுக்குத் துணி சுற்றி மூடினார், மெழுகுக் கட்டிகளை ஒரு தகரத்துக்குள் அடுக்கினார், என் மேசைக்கு அருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, சில்லுத் துணியில ஈரம் படாமப் பாத்துக்கொள்ளுங்க. ஈரம் பட்டா செம்பு கீறும்," என்றார். "நான் வாறன்."

அவர் போனபின் அக்கா பெருமூச்சு விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் அந்த "வாறன்" காதில் கிடந்து உறுத்தியது.

அதற்குப் பிறகு தம்பியே மினுக்கினார். பத்து நாள் கழித்து, அந்த நாட்களில் கட்டிய மாதிரிப் பை ஒன்றை எடுத்து மேசையில் கொட்டினேன். பகல் சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். துண்டுகளில் கறை இருந்தது. அந்தப் பைக்குள் காக்கா தொட்ட துண்டு ஒன்றுகூட இல்லை. மாம்பழக் கதையை இனி எனக்கு நானே சொல்ல முடியாது.

திரும்பி வந்த பெட்டிகளில் கறை முற்றிப் பரவி ஒன்றோடொன்று கலந்திருந்தது. இதில் இப்போதுதான் தொடங்கியிருந்தது, அதனால் உருவம் கலையாமல் இருந்தது. பிசிர் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த மெல்லிய கோடுகள். யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய அடையாளம். அந்த வளைவுகளை ஒரு வெறுமையான கோடு சரிவாக வெட்டிக்கொண்டு போனது.

அடுத்த துண்டை எடுத்தேன். அதிலும் அந்தச் சரிவுக் கோடு. அதற்கடுத்ததிலும்.

என் வலது கட்டைவிரலைத் திருப்பிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.

என் கை எப்போதும் ஈரம்தான். பள்ளிக்கூடத்தில் கொப்பித் தாளில் கை வைத்தால் மை பரவும். வெள்ளி மோதிரம் போட்டால் என் விரலில் கறுக்கும், தங்கச்சியின் விரலில் கறுக்காது. அரம் பிடித்த காலத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் கழுவுதலும் மருந்தும். இப்போது நான்தான் எல்லாருக்கும் கடைசி. மருந்தில் முக்கிக் காய்ந்த துண்டின் ஓரம் முழுக்க என் வேர்வையைப் பூசி, பையில் போட்டு, வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். தை மாதத்தில் காக்கா மட்டும் புதிதாக வரவில்லை. அந்த மேசைக்கு நானும் புதிதாகத்தான் வந்தேன்.

வெளியே அக்கா ஏதோ சொல்ல, பிள்ளை சிரிப்பது கேட்டது. துண்டுகளை அள்ளிப் பைக்குள் போட்டு, பையை என் சாப்பாட்டுக் கூடைக்குள் ஒளித்தேன். பட்டறைப் பொருளை நான் வீட்டுக்குக் கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள், தகடு பிடிக்கத் தம்பி வைத்திருந்த பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன்.

"என்னக்கா கைக்கு?" என்று கேட்டாள் கழுவும் பிள்ளை.

"சொறியொண்டு."

"எங்க, காட்டுங்க பாப்பம்."

"ஒண்டுமில்ல, நீ உன்ட வேலயப் பார்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அன்று முழுக்க யார் என் பக்கம் திரும்பினாலும் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. கையுறையோடு ஓட்டினால் பிசிரும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். கறை நின்றுவிடும். காக்கா போனதால் நின்றது என்று எல்லாரும் சொல்வார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு நாள் அப்படி இருந்தேன்.

மூன்றாம் நாள் பகல் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "காக்காட மகள் சந்தையில நிண்டவளாம். எங்கட ஆக்கள் ரெண்டு பேர் 'செம்புக் களவுல பிடிபட்டவர்ட மகள்' எண்டு காது கேக்கச் சொல்லியிருக்காங்க. அவள் வாங்கின மரக்கறியையும் விட்டிட்டுப் போயிட்டாளாம்."

"களவெண்டு ஆரு சொன்ன?" என்றேன்.

"ஆரு சொன்னதா? நீதானே தம்பிட்டச் சொன்ன. நான் எங்கட பக்கத்தில ரெண்டு பேரிட்டச் சொன்னன், அவ்வளவுதான்."

என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. தலையிடி என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். பாலத்தை நடந்தே கடந்தேன். இருபுறமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஒருவர் தோணியில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். ஓட்டமாவடிக் கடைத்தெருவில் ஒருவரிடம் வீட்டை விசாரித்தேன். அவர் என் பொட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"ஒண்டாய் வேல செய்யிற நாங்க."

வழியைச் சொன்னார். நான் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. யாரென்று சொன்னதும் முகம் இறுகியது, ஆனாலும் உள்ளே வந்து இருக்கச் சொன்னார். காக்கா அறையில் இருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். பாதையில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் எனக்கு வரவில்லை. கூடையில் இருந்த பையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"காக்கா, இந்தக் கறை என்ட விரல்."

அவர் பையைத் தொடவில்லை. எழுந்து உள்ளே போய், மூடி போட்ட ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். அதற்குள் வெள்ளைத் துணி விரித்து ஆறு துண்டுகள். மூன்று ஒரு பக்கம், மூன்று மறுபக்கம். ஒரு பக்கத்து மூன்றும் இப்போதுதான் மினுக்கியது போல இருந்தன. மறுபக்கத்து மூன்றிலும் கறை.

"இது உங்கட மேசைக்குப் போக முந்தி எடுத்த," என்று மினுங்கியவற்றைக் காட்டினார். "இது நீங்க பாத்து முடிச்சு வெச்ச தட்டில எடுத்த. துணியாலதான் எடுத்த, என்ட கை படல்ல. ரெண்டு கிழமை பாக்கணுமெண்டு நெனைச்சன். அதுக்குள்ள தம்பி வரவேணாமெண்டுட்டார்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும். சவூதியில எங்களோட ஒரு மலையாளி இருந்தான், அவன் கை பட்டாலும் இப்பிடித்தான். அவனுக்கு மட்டும் எப்பவும் கையுறை."

"ஏன் தம்பிட்டச் சொல்லல்ல? அண்டைக்கு உங்கள வரவேணாமெண்டு சொல்லக்குள்ளயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் சிரிக்கவில்லை. "நான் சொன்னா ஆரு நம்புற? நீங்க பத்து வருசம், நான் மூணு மாசம். என்ட பிழைய உங்கட தலையில போடுறனெண்டுதான் சொல்லியிருப்பாங்க. சட்டைப் பையில இரிக்கிற துண்டக் காட்டினா களவெண்டும் சொல்லியிருப்பாங்க." தகரத்தின் மூடியைத் திரும்பப் பொருத்தினார். "இன்னொண்டும் சொல்றன், கோவிக்காதீங்க. முதல்ல நீங்க வேணுமெண்டு செய்றீங்களெண்டுதான் நெனைச்சன். என்னெ அனுப்புறதுக்கு."

எனக்குச் சுரீர் என்றது. இவ்வளவு நாளும் அவரை ஒளிந்து பார்த்த எனக்கு, என்னையும் ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்ற எண்ணமே வந்ததில்லை. நான் அவருடைய தட்டைக் கவனித்த அதே நாட்களில் அவர் என் மேசையைக் கவனித்திருக்கிறார். உலர்ந்த தட்டுக்குக் குனிந்ததும் மணந்ததும் அதற்குத்தான்.

மனைவி பால் இல்லாத பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார். 

"மகளப் பத்திச் சந்தையில கதைச்சதாம்," என்றேன்.

"கதைச்சதுதான்," என்றார் அவர் மனைவி. மன்னிப்புக் கேட்டேன். மனைவி தலையை ஆட்டினார், அது ஓமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "இது தெரிஞ்சு எத்தின நாள்?" என்றுதான்.

"நாலு நாள்."

"நாலு நாளா என்னட்டச் சொல்லாம இருந்தீங்களா அக்கா?" அந்தக் குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேறு என்னவெல்லாம் இவள் சொல்லாமல் இருக்கிறாள் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அந்த யோசனை எப்படி ஓடும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

தம்பி தானே போய்க் காக்காவைக் கூப்பிட்டார். வருகிறேன் என்றாராம், ஆனால் ஒன்று கேட்டாராம்: எல்லாருக்கும் முன்னால் எல்லாருடைய விரலையும் சோதிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை மருந்தில் முக்கிக் காய்ந்த ஐந்து துண்டுகளை ஒரு தட்டில் வைத்தார்கள். தம்பி தொடங்கி ஐந்து பேரும் ஆளுக்கொரு துண்டில் கட்டைவிரலை அழுத்தினோம். அக்கா முணுமுணுத்துக்கொண்டுதான் வைத்தார். தட்டுக்கு மேலே நனைந்த துணியைக் கட்டி, ஜன்னல் ஓரத்தில் ஒரு கிழமை விட்டோம். அந்த ஒரு கிழமையும் நாங்கள் ஐந்து பேரும் அந்தத் தட்டைக் கடந்து போகும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அதற்கு அருகே தனியாக நிற்கவில்லை.

திறந்தபோது பிள்ளையின் துண்டும் அக்காவின் துண்டும் சுத்தமாக இருந்தன. தம்பியுடையதில் மெல்லிய நிழல் போல ஒன்று. காக்காவுடையதிலும் அப்படித்தான். என்னுடையது தட்டிலேயே தனியாகத் தெரிந்தது, தழும்பு விழுந்த இடம் மட்டும் மினுங்க மிச்சம் கறுத்திருந்தது.

"அல்லாஹ்," என்றார் காக்கா மெதுவாக. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கடைசியில் சிரிப்பு வந்தது.

இப்போது வேலையின் வரிசை மாறிவிட்டது. மினுக்குவதற்கு முன்னமே பிசிரை நான் பார்க்கிறேன், வெறுங்கையால்தான். அதற்குப் பிறகு மினுக்கி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் கழுவி, மருந்தில் முக்கினால், பை கட்டும்வரை யாருடைய தோலும் செம்பில் படாது. பிள்ளை இடுக்கியால் எடுக்கிறாள், பருத்திக் கையுறை போடுகிறாள், பைக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலமும் வைக்கிறாள். பெட்டிகள் திரும்பி வருவதில்லை. காக்கா மினுக்கும் மூலையில்தான் இருக்கிறார். தட்டை இன்னும் துணியால் மூடித்தான் வைக்கிறார், ஏன் மூடுகிறார் என்று இப்போது நான் கேட்பதில்லை. பிசிர் மிஞ்சிய துண்டு ஒன்று அவர் கைக்குப் போனால், எழுந்து வந்து என் முன்னால் வைப்பார். நான் அரத்தை எடுப்பேன்.

களவுக் கதையைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் சொன்ன இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்கள் சொன்ன இருபது பேரை நான் எங்கே தேடுவது? போன மாதம் கல்லாற்றில் ஒரு கலியாணத்துக்குப் போய் வரும்போது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கதை கொடுத்தாள்.

"உங்கட பட்டறையில செம்பு களவெடுத்த காக்கா திரும்பி வந்திட்டாராமே? தம்பி எப்பிடிச் சேத்த?"

"அவர் களவெடுக்கல்ல," என்றேன். "பிழை என்ட கையில. என்ட வேர்வ பட்டுத்தான் செம்பு கறுத்த. அத அவர்தான் கண்டுபிடிச்ச."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"வேர்வையில செம்பு கறுக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். இவள் ஏன் அந்த ஆளுக்காக இப்படிக் கதைக்கிறாள் என்று அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. பஸ் வந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவள் வேறு இடத்தில் போய் இருந்தாள். நான் ஜன்னல் ஓரமாக இருந்து, அடுத்த முறை இதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.